கண் திறந்த படம்

நான் வேலை பார்த்த மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது ஓவியர் என்று ஒரு பதவி கிடையாது. எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை, காமிரா வந்துவிட்டது. அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் போன மாதம் என் வீடு தேடி வந்தாள்.

"சார், தினமும் ஒரு படமாவது போடணும்னு ஆசையா இருக்கு. நாலஞ்சு நாள் போடுறேன், அப்புறம் விட்டுப்போகுது. நீங்க வருசக்கணக்கா ஒருநாள் விடாம வரைஞ்சீங்களாமே, எப்படிப் பழகுனீங்க?" என்றாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிளம்பும்போது, "அப்புறம் ஏன் சார் விட்டீங்க?" என்று கேட்டாள். கண் மங்கிவிட்டது என்றேன். அது உண்மையில்லை. என் கண்ணுக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

முதுகுளத்தூருக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமம் எனக்கு. மிளகாய்க் காடுதான் பிழைப்பு. மதுரையில் ஓவிய ஆசிரியருக்கான பரீட்சை எழுதித் தேறி, இரண்டு பள்ளிக்கூடங்களில் தற்காலிகமாக வேலை பார்த்து, சுதந்திரம் வந்து சில வருடங்கள் கழித்துக் கடற்கரையில் இருந்த அந்த நிலையத்தில் சேர்ந்தேன். அதுவரை நான் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்துக்குக் காரியம் செய்யப் போனபோது மட்டும்தான். வேலை உத்தரவு வந்த அன்று என்னைப் பெற்ற அய்யா நம்பவேயில்லை. "ஏலே, மீனுக்குப் படம் போட்டா சர்க்கார் சம்பளம் குடுக்குமா?" என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டு வந்தார்.

நிலையத்தின் தலைவர் டாக்டர் ஆபிரகாம். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை.

காலையில் வலை கரைக்கு வந்ததும் மீன் வரும். ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, மெழுகு ஊற்றிய தட்டில் படுக்கவைத்து, துடுப்புகளை விரித்துக் குண்டூசி குத்தி நிறுத்துவோம். துடுப்பின் மேல் தூரிகையால் பார்மலின் தடவினால் சற்று நேரத்தில் விறைத்துக்கொள்ளும். பிறகு ஊசிகளை எடுத்துவிடலாம். நிறத்தை உடனே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கிளிமீனின் பச்சையும் நீலமும் நாம் பென்சில் சீவி முடிப்பதற்குள் சாம்பலாகத் தொடங்கிவிடும். அதன்பின் டிவைடர் வைத்து அளவெடுத்து, பென்சிலில் உருவம் போட்டு, செதில்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, கடைசியில் கறுப்பு மையில் முடிப்பேன்.

டாக்டர் வந்து முதலில் மீனில் எண்ணுவார். பிறகு படத்தில் எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போனால் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒத்துப்போகாவிட்டால் படத்தை மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். மறுபடி வரை என்று அதற்கு அர்த்தம்.

ஒரு தடவை ஓரா மீன் ஒன்று வந்தது. முதுகுத் துடுப்பில் ஒரு முள் பாதியில் ஒடிந்திருந்தது. நான் அதை முழுசாக வரைந்திருந்தேன். டாக்டர் படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"எல்லா ஓராவுக்கும் அந்த முள்ளு முழுசாத்தான் சார் இருக்கும்" என்றேன்.

"எல்லா ஓராவையும் வரையச் சொன்னேனா? இந்த ஓராவைத்தானே சொன்னேன்" என்றார்.

தினமும் வரையும் பழக்கமும் அவர் சொல்லி வந்ததுதான். சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். என் மேசைக்கு வந்து நின்று, "நீ நாள் முழுக்கச் செத்ததையே பாத்துட்டிருக்கே. கோடும் அப்படியே ஆகிட்டு வருது. தினமும் உயிரோட அசையுறது ஏதாவது ஒண்ணை வரை. என்கிட்ட காட்ட வேண்டாம்" என்றார். சொன்னபடியே அவர் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வந்த கஷ்டம்தான் எனக்கும் வந்தது. ராத்திரி வரையலாம் என்று வைத்தால் தூக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வரையலாம் என்றால் விருந்தாளி வருவார்கள். கடைசியில் அதைக் காலை டீயோடு முடிச்சுப் போட்டேன். நிலையத்து வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. வேலைக்குப் போகுமுன் அங்கே உட்காருவேன். டீ ஆறுவதற்குள் எதிரே இருப்பவரை வரைய வேண்டும். கெட்டுப்போன படத்தாள்களை உள்ளங்கை அளவுக்கு நறுக்கி ஒரு பலகைத் துண்டில் செருகி வைத்திருந்தேன். ரப்பர் கிடையாது. நன்றாக வந்ததா என்று பார்ப்பது கிடையாது. வரைந்ததும் பையில் போட்டுக்கொள்வேன். சில மாதங்களில் வரையாவிட்டால் முகம் கழுவாதது போல இருக்கத் தொடங்கிவிட்டது.

பிறகு டீக்கடை மட்டும் என்று இல்லாமல் போயிற்று. பாம்பன் ரயிலில், சவரக்கடையில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மரத்தடியில், எங்கே உட்கார்ந்தாலும் கை பென்சிலைத் தேடும். எனக்குக் காய்ச்சல் என்றால் மனைவி பாக்கியம் கஞ்சி ஆற்றும் கையை வரைவேன். அய்யா இறந்த அன்றுகூட, பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் பாதங்களை வரைந்தேன். பாக்கியம் பார்த்துவிட்டாள். "இன்னைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

வாரம் ஒருமுறை தனுஷ்கோடிக்குப் போவேன். அங்கே கரைவலையில் விழும் சில மீன்கள் எங்கள் பக்கம் கிடைக்காது. மீனை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு ரயில் திரும்பும்வரை கப்பல் துறையில் உட்கார்ந்திருப்பேன். இலங்கைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், அவர்கள் மூட்டைகளைச் சுமக்கிற கூலிக்காரர்கள் என்று எந்நேரமும் கூட்டம். கூலிக்காரர்களில் பாதிப்பேர் இளவட்டங்கள். பெரியபட்டினம், மாரியூர் என்று கரையோர ஊர்களிலிருந்து வந்தவர்கள். கப்பல் வராத நேரத்தில் என்னைச் சுற்றிக்கொள்வார்கள். "சார், என்னயப் போடுங்க, என்னயப் போடுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். எத்தனையோ பேரை வரைந்தேன். யாருடைய பெயரையும் கேட்டதில்லை. கை பழகுவதற்காக வரைந்தவை. பெயர் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பிறகு அந்தப் புயல் வந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் நிலையத்தின் ஓட்டுக்கூரை முழுதும் போயிற்று. நான் வருடக்கணக்காகச் சேர்த்திருந்த தாள்கள் இருந்த அலமாரி கவிழ்ந்து, உள்ளே எல்லாம் கூழாகக் கிடந்தது. அதைப் பற்றி வருத்தப்பட அன்று யாருக்கும் நேரமில்லை. தனுஷ்கோடியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் வடிந்தபின் ஒரு வருவாய்த்துறை அதிகாரி படகில் வந்து இறங்கினார். தூங்கிப் பல நாள் ஆன முகம். டாக்டரிடம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"உங்ககிட்ட ஒரு ஓவியர் இருக்காராமே. கரை ஒதுங்குற உடம்புகளை வச்சிருக்க முடியலை. அங்கங்கயே புதைக்கிறோம். போட்டோகிராபர் வந்து சேர வழியில்லை, பாம்பன் பாலம் போச்சு. அடையாளத்துக்கு முகத்தையாவது வரைஞ்சு வச்சா, தேடி வாரவங்களுக்குக் காட்டலாம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "உன்னைப் போன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அறை வாசல்வரை போய்த் திரும்பி, "போனா இருக்கறதை மட்டும் வரை" என்றார்.

நான் போனேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. மண்வெட்டி பிடித்தவர்கள் மண்வெட்டியோடு போனார்கள். நான் பென்சிலோடு போனேன்.

குழியருகே ஒரு குச்சியில் எண் எழுதி நட்டுவைப்பார்கள். அதே எண்ணைத் தாளின் மூலையில் எழுதிக்கொள்வேன். முதலில் காது. காது மட்டும் அதிகம் மாறுவதில்லை என்று இரண்டாம் நாளில் புரிந்துவிட்டது. பிறகு முடி தொடங்கும் கோடு, பல்வரிசை, தழும்பு, பச்சை குத்தியிருந்தால் அதன் உருவம், துணி ஏதாவது ஒட்டியிருந்தால் அதன் கரை. கடைசியில் முகம். முகம் என்று சொல்ல அதிகம் இருக்காது. வீங்கி, கறுத்து, எல்லாம் ஒன்றுபோலவே ஆகியிருக்கும். மூக்கில் கற்பூரத்துணியைக் கட்டிக்கொண்டு, குழி வெட்டுகிறவர்கள் "முடிஞ்சுதா சார்?" என்று கேட்கும்வரை வரைவேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. டீக்கடையில் வரைகிற அதே வேகத்தில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

படங்களை ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரத்துக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள், கடைசிப் படம்வரை வந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பார்கள். யாராலும் யாரையும் அடையாளம் காண முடியவில்லை. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "இதுல மனுசங்க படம் எங்கனய்யா இருக்கு?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அந்த அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். "நீங்க உள்ளதை உள்ளபடி போட்டிருக்கீங்க, தப்பு சொல்லலை. ஆனா பெத்தவங்களுக்கு இது தெரியாது. வீக்கத்தை எடுத்துட்டு, உயிரோட இருந்தப்ப எப்படி இருந்திருப்பாங்களோ அப்படிப் போட முடியுமா?" என்றார்.

முடியும் என்று எனக்குத் தெரிந்தது. எலும்பு இருந்தது, காது இருந்தது, பல் இருந்தது. சத்திரத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மறுபடி வரைந்தேன். கன்னத்தை இறக்கினேன். உதட்டை மெல்லிசாக்கினேன். மூடியிருந்த கண்களைத் திறந்தேன். அந்தக் கண்களுக்காக நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாகப் போட்டது.

மறுநாள் கூடத்தில் அழுகுரல் எழுந்தது. ஆட்கள் அடையாளம் காணத் தொடங்கிவிட்டார்கள். சிலரைத் தழும்பையும் பச்சையையும் வைத்து உறுதிப்படுத்த முடிந்தது. அதிகாரி என் தோளைத் தட்டினார். அன்று நல்ல காரியம் செய்ததாகத்தான் நானும் நினைத்தேன்.

அந்தக் கூட்டத்தில்தான் மரியம் பீவியை முதலில் பார்த்தேன். பெரியபட்டினத்துக்காரி. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தியபடி தனியாக வந்திருந்தார். கணவர் இல்லை; ஒரே மகன் பீர் முகம்மது, கப்பல் துறையில் மூட்டை சுமந்தவன். ஒரு படத்தின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அது துணியோ தழும்போ எதுவும் இல்லாமல் கிடைத்த ஒரு வாலிபன்.

"பீரு" என்றார். படத்தின் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

படங்களை வரைந்தவன் நான்தான் என்று அவருக்குக் காட்டினார்கள். கிட்டே வந்தார். "தம்பி, எம்புள்ளயக் குளிப்பாட்டுனாகளா? ஜனாஸா தொழுகை வச்சாகளா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அங்கே தண்ணீருக்கும் வழியில்லை, யார் எந்த மதம் என்று பார்க்கவும் வழியில்லை, குழி வெட்டினார்கள், இறக்கினார்கள், மூடினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "படத்த நாங் கொண்டு போகவா? எங்க வீட்டுல படம் மாட்டுற வழக்கம் இல்ல. அவன ஒரு போட்டோகூட எடுத்ததில்ல" என்றார். அதிகாரியிடம் கேட்டு எடுத்துக் கொடுத்தேன். அதைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

மீதிப் படங்களோடு நிலையத்துக்குத் திரும்பினேன். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூரையில்லாத அறையில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. பூதக்கண்ணாடியை அவர் எடுக்கவில்லை.

"இந்தக் கண்ணெல்லாம் எங்கேருந்து வந்தது?" என்றார்.

அவர் எந்தப் படத்தையும் கவிழ்க்கவில்லை. அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதன்பின்தான் அந்தக் கேள்வி எனக்குள் வேலை செய்யத் தொடங்கியது. அந்தக் கண்கள் ரயிலிலும் டீக்கடையிலும் கப்பல் துறையிலும் நான் தினம் தினம் வரைந்து கையில் ஏறியிருந்தவை. செத்துப்போன ஒருவனுக்கு நான் இந்தக் கரையோரத்து இளவட்டங்கள் அத்தனை பேருடைய பார்வையையும் சேர்த்துப் போட்டிருந்தேன். அந்த முகம் எந்தத் தாய்க்கும் தன் மகனைப் போலத்தான் இருந்திருக்கும். அல்லது, மூட்டை சுமந்த பீர் முகம்மதை நான் உயிரோடு பார்த்து வரைந்திருக்கலாம்; கை அவனையே ஞாபகம் வைத்திருக்கலாம். எடுத்துப் பார்க்கப் பழைய தாள்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

டீக்கடை மறுபடி திறந்ததும் வழக்கம்போல உட்கார்ந்தேன். எதிரே ஒரு வண்டிக்காரர். பென்சிலை வைத்ததும் காதில் தொடங்கினேன். பிறகு முடிக்கோடு. பிறகு பல் தெரிகிறதா என்று பார்த்தேன். பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் பென்சிலையே எடுத்துப் போகவில்லை. பழக்கம் வர மாதக்கணக்கு ஆயிற்று; போக மூன்று காலை போதுமாக இருந்தது. சம்பளத்துக்காக மீன் வரைந்தேன். ஓய்வு பெறும்வரை ஒழுங்காகவே வரைந்தேன்.

மரியம் பீவி அடுத்த வருடம் நிலையத்துக்கு வந்தார். துணியை அவிழ்த்து அதே படத்தைக் காட்டினார்.

"தம்பி, நீங்க எம்மவன உசிரோடதான பாத்தீக?"

"இல்லம்மா. புதைக்கறதுக்கு முன்னாடி பாத்து வரைஞ்சது."

"மவுத்தானவுக கண்ணு இப்படித் தொறந்திருக்குமா? இவன் என்னயப் பாக்குறான்ல. உசிரோட பாக்காம இப்படி வரைய ஏலுமா?" என்றார். "தொழுகை வைக்காம அடக்குனது எம்புள்ளயா இருக்காது. அல்லா அப்படி விட மாட்டான். அவன் எங்கனயோ இருக்கான். நீங்க பாத்த எடத்தச் சொல்லுங்க, போதும்."

நான் எவ்வளவோ சொன்னேன். வீக்கத்தை எடுத்தது, கண்ணைத் திறந்தது எல்லாம் சொன்னேன். இரக்கத்தோடு கேட்டுக்கொண்டார், நான் ஏதோ மறைக்கிறேன், மறைக்க எனக்கு ஏதோ கட்டாயம் இருக்கிறது என்பதுபோல. அதன்பின் வருடாவருடம் வந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் படத்தைக் காட்டியதாகச் சொல்வார். நாகப்பட்டினத்தில் ஒருவர் பார்த்த மாதிரி இருக்கிறது என்றாராம். ஒவ்வொரு தடவையும் மெலிந்து வந்தார். பாதம் இரண்டும் வெடித்திருந்தன. படம் மட்டும் கசங்காமல் இருந்தது.

அவர் அப்படி அலைவதை நிறுத்த எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. அன்று குழியருகே நான் உள்ளபடி வரைந்த முதல் படம் சத்திரத்தில் எங்கோ தொலைந்திருந்தது. ஆனால் என் தலைக்குள் அது தொலையவில்லை. வீட்டில் உட்கார்ந்து அதை மறுபடி வரைந்தேன். வீங்கிய கன்னம், கிழிந்த உதடு, மூடிய கண். பாக்கியம் பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"இத அந்தம்மாகிட்ட காட்டாதீக. தாங்க மாட்டாக."

"காட்டலைன்னா செத்துப்போற வரைக்கும் தேடுவாங்க."

"தேடட்டுமே" என்றாள் பாக்கியம். "தேடுற வரைக்கும் புள்ள இருக்கான்ல."

ஆனாலும் அவர் அடுத்த தடவை வந்தபோது காட்டினேன். நிலையத்து வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தாளை மடியில் வைத்தேன். "இதுதாம்மா நான் பாத்தது. இதைப் பாத்துத்தான் உங்ககிட்ட இருக்கற படத்தைப் போட்டேன்."

அவர் வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தில் ஒரு பெரிய பரிவு வந்தது.

"பாவம். யாரு பெத்த புள்ளயோ" என்றார். இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடி, உதடு அசைய அந்த முகத்துக்காக ஓதினார். முடித்துக் கையால் முகத்தைத் தடவிக்கொண்டு தாளை என்னிடம் திருப்பித் தந்தார். "இந்தப் புள்ளக்கி ஓதியாச்சு தம்பி. இத வச்சுக்கங்க. அவுக வீட்டு ஆளு யாராச்சும் வருவாக."

பிறகு தன் துணிச்சுருளை எடுத்து, உள்ளே படம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுந்தார். "ராமநாதபுரம் பஸ்ஸு எப்ப வரும்? அங்கன எறங்கித் தூத்துக்குடிக்கிப் போறேன்."

பஸ் நிற்கும் இடம்வரை உடன் போனேன். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்புவதற்குள்ளாகவே துணியை அவிழ்த்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், மாரியூர்ப் பக்கத்து மீன்காரியாக இருக்க வேண்டும், கூடையைக் காலிடையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் மரியம் பீவியின் பக்கம் திரும்பி, எங்கோ பார்த்த முகம்தான் என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினாள்.